கொழும்பு முடிந்து மட்டக்களப்பில் எங்கே தங்குவது?

லண்டனிலும் பாரிசிலும் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு அம்மம்மாவின் ஊர்தான், ஆனாலும் புதிய நாடு. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கி, வான் வண்டியில் ஏழு மணித்தியாலம் குலுங்கி வந்து, மறுநாளே சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பினால் நாலாம் நாள் சுருண்டு படுத்துவிடுவார்கள். ஒரே இடத்தில் குறைந்தது ஐந்து இரவு தங்குங்கள். முதல் இரண்டு நாளும் எங்கேயும் போகவேண்டாம்.

இடத்துக்கு முன் மாதத்தைப் பாருங்கள். ஆடி, ஆவணியில் கடல் அடங்கியிருக்கும், ஆனால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாய் அடிக்கும். மார்கழியில் வயலெல்லாம் பச்சை. அதே மாதத்தில்தான் அடைமழையும் வெள்ளமும். கடலில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. மாசி, பங்குனியில் வந்தால் மழை ஓய்ந்து பெரும்போக அறுவடை நடக்கும். பள்ளி விடுமுறை இடங்கொடாதவர்களுக்கு ஆடிதான் வழி.

அமைதியாய் இருக்க எங்கள் முதல் தெரிவு எழுவான்கரைதான்: கல்லடிக்குத் தெற்கே தாழங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம், களுதாவளை வரை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீளும் ஒடுங்கிய மணல் நிலம். காலையில் கடற்கரை, பின்னேரம் வாவிக்கரை, இரண்டுக்கும் பெரிய பயணம் இல்லை. களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்களுக்குள் நடக்கலாம். அவசரத்துக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் எட்டாத தூரமல்ல. மேற்கே வாவியைப் பார்த்த விறாந்தை படத்தில் அழகாய் இருக்கும். கச்சான் காலத்தில் மத்தியானம் அங்கே இருக்க முடியாது. படுக்கையறை யன்னல் கடல் பக்கம் திறக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த மணலில் தண்ணீர்தான் பெரிய விடயம். மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாய் நிற்கிறது. கோடையில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க அடியில் உள்ள உப்பு மேலேறும். குளிக்கலாம், ஆனால் தேத்தண்ணி கரிக்கும், தலைமயிர் பிசுபிசுக்கும். குழாய்நீர் இணைப்பு உள்ள வீடா என்று முதலில் கேளுங்கள். குடிக்கப் போத்தல் தண்ணீர். ஆறு பேருக்கு ஆயிரம் லீற்றர் தாங்கி ஒரு நாளைக்குத்தான் காணும். கரண்ட் போனால் மோட்டரும் நின்றுவிடும், அதனால் இரவு படுக்கமுன் தாங்கியை நிரப்பிவிடுங்கள். பழைய வீடுகளில் வட்டமுனைச் செருகிகள். லண்டன் செருகி புதிய வீடுகளில் பெரும்பாலும் பொருந்தும், பாரிஸ்காரர் செருகி மாற்றி (அடாப்டர்) கொண்டுவரவேண்டும். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், ஆகவே மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

இன்னொரு கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள்: பக்கத்தில் கோயில் எது, திருவிழா எப்போது? வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊரில் ஒலிபெருக்கி இரவிரவாய்ப் பாடும். அதைப் பார்க்கவென்றே வருகிறவர்களுக்கு அது பாக்கியம். நேரவித்தியாசத்தில் தூக்கம் கெட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு அல்ல.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை இன்னும் அமைதி. வயல், குளம், எருமைத் தயிர்ச் சட்டி, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில். 2014இல் வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் திறந்தபின் பகலில் போய்வருவது இலகு. தங்குவதென்றால் யோசியுங்கள்: காட்டோரக் கிராமங்களில் பொழுதுபட்டால் யானை வரும். உன்னிச்சைப் பக்கம் போனால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். ஓட்டோக்காரர் “இருட்டமுன் போவம்” என்றால் அவர் சொல்லைக் கேளுங்கள்.

பாசிக்குடா நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு நல்லது. கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லை. ஒரு பகலுக்குப் போய் வரலாம். தெற்கே அம்பாறைக் கரையில் உள்ள அறுகம்பை வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அலைச்சறுக்குக் கூட்டம் நிறைந்த இடம், ஓய்வுக்கு ஏற்றதல்ல. அம்பாறைக் கரைதான் வேண்டுமென்றால் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் தேடுங்கள். ரயில் மட்டக்களப்போடு முடிந்துவிடும். தெற்கே போக பஸ் அல்லது வான்தான்.

வரும் வழிக்கு, கொழும்புக் கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் உதயதேவி ரயில் வானைவிடப் பிள்ளைகளுக்குச் சுகம், எழுந்து நடக்கலாம். ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம். கல்லோயாச் சந்தி, வெலிக்கந்தைப் பக்கம் யானை கடக்கும் இடங்களில் வேகம் குறையும், சில நாள் நன்றாகப் பிந்தும். சாப்பாட்டையும் தண்ணீரையும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கூடுதலாகக் கட்டுங்கள். ஆசனத்தை முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் தங்காதது குறையாகப் படலாம். அதை வந்திறங்கியபின் சொல்வதுதான் மனத்தாங்கலுக்குக் காரணம். புறப்பட ஒரு மாதம் முன்பே மூத்தவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள்: “மாமி, பிள்ளைகளுக்கு வெக்கை பழக்கமில்ல, அதால கிரான்குளத்தில வீடு எடுத்திருக்கம். ஞாயிறு பின்னேரம் எல்லாரும் இஞ்ச வாங்க, பிட்டும் இறால் கறியும் எங்கட பொறுப்பு.” பத்து வீட்டுப் படியேறுவதற்குப் பதில் பத்து வீட்டாரும் ஒரே வளவில் கூடுவார்கள். மச்சான் பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் மணலில் விளையாடினாலே, வெளியில் பிறந்தவர்களின் நாக்கில் தமிழ் தானாக வரும். அன்று பதினைந்து பேருக்குப் பிட்டு என்றால் மூன்று கிலோ மா, ஐந்தாறு தேங்காய் எடுத்துவையுங்கள். இறாலுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்.