கார்ன்வாலிஸ் கோட்டை: கடலைப் பார்த்த பீரங்கிகளும் வேறு வழியில் வந்தவர்களும்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் நாசி கண்டார் சோற்றுக்காகப் போகிறார்கள். மீதிப் பேர் தெரு ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கப் போகிறார்கள். கார்ன்வாலிஸ் கோட்டைக்கென்றே கிளம்புகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த முறை அதற்காகத்தான் கோலாலம்பூரிலிருந்து ரயில் ஏறினேன். பட்டர்வொர்த் நிலையத்தில் சித்தப்பா காத்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடலும் கப்பலும் அவருக்கு அத்துப்படி.

“அந்தக் கோட்டையில என்னம்மா இருக்கு? நாலு சுவரும் கொஞ்சம் பீரங்கியும்தானே” என்றார். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஃபெர்ரிக்கு நடந்தார்.

பாலத்தில் போயிருந்தால் காரிலேயே வசதியாகப் போயிருக்கலாம். ஆனால் ஒரு கடற்கோட்டைக்குக் கடல் வழியாகப் போவதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. பட்டர்வொர்த்துக்கும் தீவில் கோட்டை இருக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தண்ணீர். ஒரு பக்கம் தீவின் மலை, மறுபக்கம் பெருநிலம், நடுவில் அலை அடங்கிய கால்வாய். எந்தப் பருவக்காற்று அடித்தாலும் கப்பல்கள் ஒதுங்கி நிற்கலாம். வடக்கு வாயைத் தாண்டினால் மலாக்கா நீரிணை. இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போகிற கப்பலுக்கு அதுதான் ராஜபாட்டை.

வெள்ளைக்காரன் இங்கே ஏன் வந்தான் என்பதற்கான பதில் பினாங்கில் இல்லை, நம் சென்னைக் கடற்கரையில் இருக்கிறது. அன்றைய மதராஸில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கும் ஆளும் மசூலா படகில் கரைக்கு வரும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல் நிற்க முடியாது. ஆங்கிலேயப் படை கரையைக் காலி செய்துவிட்டு, இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கு ஓட வேண்டியதுதான். 1782-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் திருகோணமலையைப் பிடித்தார். அந்த மழைக்காலத்தில் அவர் தன் கப்பல்களைச் சுமத்ராவின் அச்சேவுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்துக்கொண்டார். எதிரி பக்கத்திலேயே ஒதுங்குகிறான், நாம் பம்பாய்வரை போய் வருகிறோம் என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உறைத்தது. வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஓர் ஒதுங்குமிடம் வேண்டும் என்ற பேச்சு அப்போது சூடு பிடித்தது.

அந்த இடத்தைக் காட்டியவர் பிரான்சிஸ் லைட். மதராஸ் வணிக நிறுவனம் ஒன்றுக்காக இந்தக் கடல்களில் வியாபாரம் செய்தவர். தீவு அப்போது கெடா சுல்தானுடையது. அவருக்குச் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, பயம். படை உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் தீவை விட்டுக்கொடுக்க இறங்கி வந்தார். 1786 ஜூலையில் லைட் கரையிறங்கினார். ஆகஸ்ட் 11-ஆம் தேதி கொடி ஏற்றி, மறுநாள் பிறந்தநாள் காணவிருந்த வேல்ஸ் இளவரசரின் பெயரைத் தீவுக்கு வைத்தார். கொடி ஏறியது, படை உதவி மட்டும் வரவே இல்லை. கம்பெனி சம்மதிக்கவில்லை.

ஃபெர்ரியிலிருந்து பார்த்தால் கோட்டை பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுவரின் உயரமே பத்தடிதான். சுவெட்டன்ஹாம் துறையில் ஒரு சொகுசுக் கப்பல் நின்றுவிட்டால் அந்த முனையே மறைந்துவிடும். இறங்கி, வெல்ட் குவே வழியாக வடக்கே நடந்தால் முதலில் கண்ணில் படுவது மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி 60 ஆண்டு ஆண்டதைக் கொண்டாட, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரத்தில் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகள் செய்த வேலை. அதைத் தாண்டினால் கோட்டை.

லைட் முதலில் அமைத்தது நிபோங் பனை மரங்களை நட்டுக் கட்டிய வேலிதான். காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிப் போனவர்கள் காட்டை வெட்டித் தள்ளினார்கள் என்று ஒரு கதை உண்டு. பினாங்குக்காரர்கள் எல்லாருமே சொல்வார்கள். நான் நம்பவில்லை, சித்தப்பா நம்புகிறார். கம்பெனிக்காரன் காசைக் காட்டுக்குள் எறிவானா என்பது என் கட்சி. ஒரு ரூபாய் போட்டுப் பத்து ரூபாய் எடுப்பவன்தானே என்பது அவர் கட்சி.

பெயர் கொடுத்த கார்ன்வாலிஸ் பிரபு, 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டன் படையிடம் சரணடைந்தவர். பிறகு வங்காளத்தின் தலைமை ஆளுநராக வந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானை மடக்கியவர். ஒரு பாதி தோல்வி, ஒரு பாதி வெற்றி. ஒரு குண்டும் சுடாத கோட்டைக்குப் பொருத்தமான பெயர்தான்.

இன்று நாம் பார்க்கும் சுவர்கள் லைட் காலத்தவை அல்ல. அவர் 1794-இல் மலேரியாவில் இறந்துபோனார். ஐரோப்பாவில் நெப்போலியன் போர் உச்சத்தில் இருந்தபோது, பிரெஞ்சுக் கப்பல்கள் வந்துவிடும் என்ற பயத்தில் 1804 முதல் 1810 வரை கல்லும் செங்கல்லுமாக எழுப்பியவை இவை. எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். நாற்புறமும் முனை நீட்டிய நட்சத்திர வடிவம். சுற்றிலும் 9 மீட்டர் அகலத்தில் அகழி இருந்தது. 1920-களில் மலேரியா பரவியதும் அதைத் தூர்த்துவிட்டார்கள். நிறுவியவரைக் கொன்ற நோய் கடைசியில் அகழியையும் மூடவைத்தது. சில ஆண்டுகளாக அதைத் தோண்டி மீட்கும் வேலை நடந்திருக்கிறது.

வெயிலில் வெளுத்த செங்கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலில் விலங்கோடு கடல் தாண்டி வந்தவர்கள் அடுக்கிய வரிசை. லைட்டுக்கு வாசலுக்குப் பக்கத்தில் வெண்கலச் சிலை இருக்கிறது, ஆளுநர்கள் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. இவர்கள் பெயர் எங்கே என்று சித்தப்பாவிடம் கேட்டேன். “கொத்தனார் பேரை எந்தக் கட்டடத்திலம்மா எழுதுவாங்க?” என்றார்.

உள்ளே வெடிமருந்துக் கிடங்கு, ஒரு சிறிய தேவாலயம், வரிசையாக வளைவறைகள். தேவாலயத்தை எட்டிப் பார்த்தால் போதும். வெடிமருந்துக் கிடங்கின் கனத்த சுவரைத் தட்டிப் பாருங்கள், பத்து நிமிடத்துக்கு வெயிலுக்கும் நல்லது. எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னும் புல்தரையில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான் நேரம் செலவழித்தது ஸ்ரீ ரம்பாய் பீரங்கியிடம். மதிலின் மேல் கடலைப் பார்த்து நிற்கும் பெரிய வெண்கலப் பீரங்கி. 1603-இல் ஹாலந்தில் வார்த்தது. போர்த்துகீசியருக்கு எதிராகக் கூட்டுச் சேர்வதற்காக டச்சுக்காரர்கள் இதை ஜோகூர் சுல்தானுக்குக் கொடுத்தார்கள். 1613-இல் அச்சே படை ஜோகூரைச் சூறையாடியபோது நீரிணையைத் தாண்டி சுமத்ராவுக்குப் போனது. 1795-இல் அச்சேயிலிருந்து சிலாங்கூருக்கு வந்தது. 1871-இல் ஆங்கிலேயர் கோலசிலாங்கூரைத் தாக்கிக் கைப்பற்றி, பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததும் இறக்கத் தெரியாமலோ என்னவோ கடலில் போட்டுவிட்டார்கள், பல ஆண்டுகள் நீருக்குள்ளேயே கிடந்தது. நீரிணையின் இரு கரைகளிலும் யார் கை ஓங்கியதோ அவர் வாசலில் இது நின்றிருக்கிறது. மலாக்கா நீரிணையின் முந்நூறு ஆண்டு அரசியலைப் படிக்க வேண்டுமானால், இந்த ஒரு பீரங்கி கைமாறிய வரிசையைப் படித்தாலே போதும் என்பேன்.

பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் இதன் குழாயில் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. போர்க் கருவியைச் சாமியாக்கிவிடுகிற மனது நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

சரி, இத்தனை பீரங்கியும் யாரைச் சுட்டன? கோட்டை எதிரியோடு சண்டை போட்டதே இல்லை. 1791-இல் ஏமாந்த கெடா சுல்தான் எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் படகுப்படை திரட்டினார். அப்போதுகூட லைட் ஆட்களை அனுப்பி அங்கேயே போய்த்தான் தாக்கினார். சுல்தான் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அவர் பயந்த சயாம் 1821-இல் உண்மையிலேயே கெடாவைப் பிடித்தது. அப்போதைய சுல்தான் ஓடி வந்து ஒதுங்கியது இதே பினாங்கில், இதே கொடிக்குக் கீழே. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ராஃபிள்ஸ் சிங்கப்பூரைத் தொடங்கியிருந்தார். நீரிணையின் முக்கிய வாசல் தெற்கே போய்விட்டது. கோட்டை அலுவலகமும் சிப்பாய்க் குடியிருப்புமாகக் காலம் தள்ளியது.

கடல் வழியாக எதிரி வந்த ஒரே விடியற்காலை 1914 அக்டோபர் 28. வந்தது எம்டன். ஆமாம், ஒரு மாதத்துக்கு முன்னால் செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் கப்பல். கேப்டன் முல்லர் நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி ஆங்கிலேயக் கப்பல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வடக்கு வாய் வழியாக உள்ளே நுழைந்தார். நங்கூரம் போட்டிருந்த ஷெம்சூக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவால் உடைத்தார். அதன் கேப்டன் அந்த இரவு கப்பலில் இல்லை, ஊருக்குள் இருந்தார். கடலோடிகள் எண்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெளியே போகும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு எம்டன் போயே போய்விட்டது. கோட்டை மதிலில் நின்றிருந்தால் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்திருக்கலாம். நூறு வருடப் பழைய பீரங்கிகளை வைத்துக்கொண்டு பார்க்க மட்டும்தான் முடியும்.

மதிலின் வடகிழக்கு மூலையில் 1882-ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் இருக்கிறது, இரும்புச் சட்டத்தில் 21 மீட்டர். அதற்குக் கீழே நின்று சித்தப்பா வடக்கு வாயைக் கையால் காட்டினார். எந்தப் பக்கம் ஆழம், கப்பல் எங்கே திரும்பும் என்று ஒரு பாடமே நடத்தினார். நாலு சுவர் என்று கேலி செய்தவர், அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றார்.

அப்புறம் 1941. அந்த ஆண்டுதான் என்னை இங்கே இழுத்து வந்தது. ஆங்கிலேயர் பாடம் கற்று, தீவின் தென்கோடியில் பத்து மவுங் மலையில் புதிதாக ஒரு பீரங்கிக் கோட்டை கட்டி வைத்திருந்தார்கள். அதுவும் கடலைத்தான் பார்த்தது. ஜப்பானியர் வடக்கே தரையிறங்கி, தரை வழியாகக் கெடாவுக்குள் வந்தார்கள். பினாங்குக்கு முதலில் வந்தது அவர்களுடைய விமானங்கள். டிசம்பர் 11-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஆட்கள் நின்று வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதே குண்டு விழுந்தது. 16-ஆம் தேதி இரவு வெள்ளைக்காரர்கள் ஓசைப்படாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் விடிந்து எழுந்தபோது ஊரில் அரசாங்கமே இல்லை.

ஆனால் கோட்டையில் யூனியன் ஜாக் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை மேலே வருகிறவன் குண்டு போடத்தானே செய்வான்? அதை இறக்கியவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர். எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்து, ஊரை நடத்தியதும் அவர்தான். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இனிக் குண்டு போட வேண்டாம் என்று பினாங்கு வானொலி வழியாக ஜப்பானியருக்குச் சேதி போனது. 19-ஆம் தேதி ஜப்பானியர் சண்டையில்லாமல் வந்திறங்கினார்கள். உதவி செய்த மனிதரைப் பிற்பாடு சிறையிலும் போட்டார்கள்.

லைட் கொடியேற்றியதை ஆண்டு, தேதி, பீரங்கி முழக்கத்தோடு எல்லாரும் சொல்வார்கள். இந்த முனையில் உயிர்களைக் காப்பாற்றிய காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஒரு பத்திரிகையாசிரியர் கயிற்றை இழுத்துக் கொடியை இறக்கியதைத்தான் நான் சொல்வேன். ராணுவ வரலாறு எழுதுகிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் உள்ளே நிழல் தேட வேண்டியிருக்கும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். கோட்டை முடிந்ததும் பாடாங் வழியாக எஸ்பிளனேட் நடைபாதையில் ஒரு சுற்று, பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் திரும்பினால் சூலியா தெருவில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பத்து மவுங்குக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். சித்தப்பா அடுத்த முறை அங்கே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார், பெட்ரோல் செலவு என்னுடையதாம்.