கிழக்கு மாளிகைல ஒரு பிக்கு

ஜூலை 12

வெயில் சாஞ்சதும் பைக்க எடுத்துட்டு பூம்புகார் பக்கம் மேலையூர் போனேன், பல்லவனேஸ்வரம் விகாரைய, அதாவது பழைய புத்த மடத்த பார்க்கத்தான். செங்கல் அடித்தளம், வரிசையா சின்ன சின்ன ரூம் தடம், அவ்ளோதான். கல்லு ஒவ்வொண்ணும் இப்ப சூளைல வர்றத விட ரொம்ப பெருசு. புத்தபாதம் செதுக்குன சுண்ணாம்புக்கல் ஒண்ணும் இங்க தோண்டினப்போ கிடைச்சுது. ஆடு மேய்ச்சுட்டிருந்த பெரியவர் "என்ன தம்பி, நிலம் பார்க்க வந்தீயளா?"ன்னாரு.

ஜூலை 13

நேத்துலேர்ந்து புத்ததத்தர்ங்கற புத்த பிக்கு நெனப்பாவே இருக்கு. 5ஆம் நூற்றாண்டு, உறையூர்க்காரர், கடல் தாண்டி அனுராதபுரம் மகாவிகாரைல படிச்சவரு. திரும்பி வந்து காவிரிப்பட்டினத்துல, அதாவது இதே பூம்புகார்ல உக்காந்து அபிதம்மாவதாரம்ங்கற புத்த தத்துவ நூல எழுதுறாரு, பாலி மொழில, சுமதிங்கற சீடன் கேட்டுக்கிட்டாருன்னு. கடைசில அவரே ஊரையும் விகாரையையும் வர்ணிக்கிறாரு பாருங்க, ஆறு, கடைத்தெரு, தோட்டம், மதிலு, கோபுரம், கைலாச சிகரம் மாதிரி மாளிகை, அதுல கிழக்கு மாளிகைல இருந்துதான் எழுதுனேன்னு. எந்தப் பக்கத்து கட்டடம்னு வரைக்கும் சொல்ற ஆள் எனக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு. விகாரைய கட்டிக்கொடுத்தது கண்ஹதாசர்னு ஒருத்தரு, அதாவது கிருஷ்ணதாசன்!

ஜூலை 15

கரண்ட் இல்ல, கொசு. நாளைக்கு பார்ப்போம்.

ஜூலை 16

அவரோட இன்னொரு புத்தகம் வினயவினிச்சயம், பிக்குகளோட ஒழுக்க விதி பத்தினது, எழுதுன எடம் பூதமங்கலம், அதுவும் சோழநாடுதான். அதுல ராஜா பேர போட்டிருக்காரு, அச்சுதவிக்கந்தன், கலம்ப குலம். களப்பிரர்தான் அதுன்னு ஆராய்ச்சியாளர் பலபேர் சொல்றாங்க. எனக்கு கடுப்பாவுது, ஸ்கூல்ல களப்பிரர் காலம் இருண்ட காலம்னு ஒரே வரில முடிச்சு பரீட்சைக்கும் அதையே எழுத வச்சாங்க, அந்த இருட்டுல ஒருத்தர் நிம்மதியா உக்காந்து ராஜாவுக்கும் ஒரு வரி ஒதுக்கி புத்தகம் முடிச்சிருக்காரு.

ஜூலை 18

புத்ததத்தர் இலங்கைலேர்ந்து வர்றப்போ புத்த நூல்களுக்கு உரை எழுதுன புத்தகோசர் எதிர்ல கப்பல்ல போறாராம், நடுக்கடல்ல ரெண்டு பேரும் பேசுறாங்க, நீ உரைய எழுதி அனுப்பு நான் சுருக்கித் தரேன்னு புத்ததத்தர் சொல்றாரு. இது பின்னாடி கட்டுன கதைன்னுதான் தோணுது, ஆனா கட்டுனவன் வெவரமானவன். புத்தகோசரோட உரை எல்லாம் மலை மாதிரி உரைநடை, நம்மாளு புத்தகத்துல பெரும்பகுதி செய்யுளு. ஓலைல எழுதி வாயால படிக்கற காலத்துல மாணவனுக்கு மனசுல நிக்கறது செய்யுள்தானே, பர்மாவுலயும் இலங்கைலயும் இன்னிக்கும் அத வச்சிருக்காங்க. தமிழ்ல தேடுனா எனக்கு கிடைக்கறதெல்லாம் அவரப் பத்தி ரெண்டு பாராதான்.