ஃபேன் எங்கே?

ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், எத்தனை வார்த்தை சொல்கிறான் என்று கேட்பதற்கு முன்னால் ஸ்பீச் தெரபிஸ்ட் கேட்பது வேறொன்று: "விரலை நீட்டி எதையாவது காட்டுவானா?" பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படும். "ஃபேன் எங்கேன்னு கேட்டா காட்டுவானே" என்று அங்கேயே செய்தும் காட்டுவார்கள். நம் வீடுகளில் குழந்தைக்கு வைக்கப்படும் முதல் பரீட்சையே அதுதான். தலை நிமிரும், கை உயரும், வீடே கைதட்டும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, கரண்ட் போய் ஃபேன் நின்றதும், யாரும் கேட்காமலே மேலே கையைக் காட்டிவிட்டு அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா என்பதை.

கேட்டால் காட்டுவது பதில். தானாகக் காட்டுவதில் இரண்டு ரகம் உண்டு. குழந்தைமொழி ஆய்வாளர் எலிசபெத் பேட்ஸும் அவருடைய இத்தாலியச் சகாக்களும் 1975-இல் இதைப் பிரித்துச் சொன்னார்கள். ஒன்று "அதை எடுத்துக் கொடு" என்பதற்காக நீட்டுவது, மற்றது "அதோ பாரேன்" என்பதற்காக நீட்டுவது. முதலாவதில் பெரியவர் வெறும் கருவியாக இருந்தாலும் போதும். இரண்டாவதில் குழந்தைக்கு வேண்டியது பொருளே அல்ல. தான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்க வேண்டும். ஆட்டிசத்துக்கான வாய்ப்பை முதற்கட்டமாகச் சலித்துப் பார்க்க, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்று உள்ள எம்-சாட் கேள்வித்தாளின் 20 கேள்விகளில் இவ்விரண்டும் தனித்தனியாகவே கேட்கப்படுகின்றன. நீங்கள் அறையின் மறுகோடியில் எதையாவது காட்டினால் அவன் பார்க்கிறானா என்பது அதன் முதல் கேள்வி.

விரல் நீட்டுவது பொதுவாக ஒரு வயதை ஒட்டி, ஒன்றிரண்டு மாதம் முன்பின்னாக வரும். 18 மாதமாகியும் இரண்டு ரகமும் வரவில்லையென்றால் சும்மா இருக்கக் கூடாது. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அப்பா ஒரு வயதில் நிலாவைக் காட்டினாரா என்பதைப் பாட்டியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை: உட்காது ஒலிக்கு எதிரொலி தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., தேவைப்பட்டால் கேட்கும் நரம்பின் மின்சமிக்ஞையை அளக்கும் பெரா. அதை விட்டுவிட்டுப் பயிற்சியில் இறங்குவது வீண். விரல் நீட்டவில்லை, ஆகவே ஆட்டிசம் என்று ஒற்றை அறிகுறியை வைத்து முடிவு கட்டுவதும் தவறு.

இப்போது செல்போன் வந்து ஒரு புதுக் குழப்பம். "யூடியூப்ல தனக்கு வேணும்கிறதை ஒரு விரல்ல தொட்டுடறான்" என்பார்கள். உண்மைதான், ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நீளும், மற்றவை மடங்கியிருக்கும். பார்ப்பதற்கு அசல் சுட்டுதல். ஆனால் திரையைத் தொட்டால் திரையே பதில் சொல்லிவிடுகிறது. நடுவில் ஆள் தேவையில்லை. இரண்டையும் பிரித்தறிய விரலைப் பார்த்துப் பயனில்லை, கண்ணைப் பார்க்க வேண்டும். பொருளைப் பார்த்து, ஆளைப் பார்த்து, மறுபடி பொருளைப் பார்க்கிற அந்த மூன்று திருப்பம் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும், தவறவிடுவது சுலபம். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: குழந்தை கையை நீட்டும் நேரத்தில் பெரியவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். சத்தம் கொடுத்தோ முகத்தைப் பிடித்துத் திருப்பியோ கூப்பிட்டால் அது சுட்டுதல். முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான் என்றால், அல்லது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் நம் கையை டப்பா மூடிமேல் வைத்துவிட்டால், இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

பயிற்சி கையிலிருந்து தொடங்கும், பேச்சிலிருந்து அல்ல. அறையில் இறைந்து கிடக்கும் பொம்மைகளை முதலில் அகற்ற வேண்டும். குழந்தைக்குப் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று, இரண்டே பொருள். நம் முகத்துக்கு நேராக, அவன் கை எட்டுவதற்கு ஒரு சாண் தள்ளி, இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். நெருக்கிப் பிடித்தால் எதைக் காட்டினான் என்று நமக்கே தெரியாது. கையை முழுதாக விரித்து எட்டிப் பிடிக்க முயல்வான். மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுக்கலாம். பிறகு இன்னொருவர் அவன் பின்னாலிருந்து மூன்று விரலை மெதுவாக மடக்கி, ஆள்காட்டி விரல் பொருளைத் தொடும்படி செய்வார். தொட்ட மறுநொடியே பொருள் அவன் கையில் இருக்க வேண்டும்; தாமதித்தால் எதற்கு எது கிடைத்தது என்ற தொடர்பு அறுந்துவிடும். அடுத்தடுத்த நாட்களில் பிடியை விரலிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நகர்த்தி, பிறகு விட்டுவிடலாம். அதே போல் தூரமும்: முதலில் தொட்டுக் காட்டுவது, பிறகு ஓரடி, பிறகு அலமாரி, பிறகு ஜன்னலுக்கு வெளியே காக்கா. அவசரப்பட்டு நேரே காக்காவுக்குப் போகிற வீடுகளில்தான் பயிற்சி படுத்துவிடுகிறது. "என்ன வேணும், சொல்லு சொல்லு" என்று நச்சரிப்பதும் அப்படித்தான் கெடுக்கும்.

"அதோ பார்" ரகத்தை இப்படிக் கையைப் பிடித்துக் கற்றுத்தர முடியாது. சந்தர்ப்பத்தைத்தான் உண்டாக்கலாம். சாவி கொடுத்த பொம்மையைப் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் ஓடவிடுவது, செருப்பை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தெரியாத மாதிரி இருப்பது, சோப்புக் குமிழி. குழந்தை காட்டிய பிறகு நாம் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. லிஸ்கோவ்ஸ்கியும் சகாக்களும் 2004-இல் 12 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். பெரியவர் பொருளை மட்டும் பார்த்தாலும், குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துச் சிரித்தாலும் குழந்தைக்குத் திருப்தியில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் பேசினால்தான் அடுத்தடுத்து காட்டும் ஆர்வம் இருந்தது. "சமத்து, காட்டிட்டியே!" என்று குழந்தையைக் கொஞ்சிவிட்டுக் காக்காவைப் பார்க்காமல் போவது நாம் எல்லோரும் செய்வது. காக்காவைப் பாருங்கள்.

தூரத்தில் காட்டுவதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. காட்டுகிறவர் தன் கண், விரல்நுனி, பொருள் மூன்றையும் ஒரே கோட்டில் வைக்கிறார். பார்க்கிறவரோ கை நீளும் திசையிலேயே கோட்டை நீட்டிக்கொண்டு போகிறார். கை தோளிலிருந்து புறப்படுகிறது, பார்வை அதற்கு மேலே கண்ணிலிருந்து. ஆகவே பார்க்கிறவரின் கோடு பொருளுக்கு மேலே போய்விடுகிறது. ஹெர்போர்ட், குண்டே இருவரும் 2016-இல் பெரியவர்களிடமே இதை அளந்து காட்டினார்கள். பெரியவர்களுக்கே இப்படி என்றால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பாடு? நின்றபடி "அதோ, அந்த பஸ்" என்று காட்டிவிட்டுப் "பார்க்க மாட்டேங்கிறான்" என்று எழுதிவைக்கக் கூடாது. அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து, அவன் கண்மட்டத்திலிருந்து காட்டிவிட்டு அப்புறம் எழுதுங்கள். குழந்தையின் முதுகுப் பக்கம் இருப்பதைக் காட்டினால் திரும்பிப் பார்க்கும் திறன் ஒன்றரை வயதை ஒட்டித்தான் வருகிறது.

இன்னொரு தவறு எதிர்த்திசையில் நடக்கும். "எல்லாம் புரியுது மேடம், பேச்சு மட்டும்தான் இல்லை" என்பார்கள். "செருப்பை எடுத்துட்டு வா" என்றதும் எடுத்து வருவான். ஆனால் சொல்லும்போது அம்மாவின் கண் வாசலுக்குப் போயிருக்கும், தாடை லேசாக உயர்ந்திருக்கும், கையில் பை இருக்கும். குழந்தை இவற்றைப் படிக்கிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் அது சொல் புரிந்ததற்குச் சாட்சி ஆகாது. கையை மடியில் வைத்து, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து, வழக்கமில்லாத நேரத்தில் அதையே சொல்லிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு சொல்லுக்கு, எவ்வளவு கண்ணுக்கு என்று தெரியும்.

சொல்லும் விரலும் சேரும் இடம் எங்கள் குறிப்பேட்டில் தனிக் கட்டம். செருப்பைக் காட்டி "செருப்பு" என்பது ஒன்று. செருப்பைக் காட்டி "அப்பா" என்பது வேறு. பின்னது அப்பாவின் செருப்பு. பாதி வாயில், பாதி விரலில் இருக்கும் வாக்கியம். ஐவர்சனும் கோல்டின்-மெடோவும் 2005-இல் பதிவுசெய்தபடி, இப்படி இரண்டு செய்தியைச் சேர்க்கத் தொடங்கும் குழந்தைகள்தாம் அதை அடுத்து இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அதனால் இந்தக் கட்டம் நிரம்பத் தொடங்கினால், சொற்களின் எண்ணிக்கை கூடாவிட்டாலும் நாங்கள் கவலைப்படுவதில்லை. பெயர் சொல்லித்தருவதற்கும் இதே கணக்கு: குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் ஒட்டும்; அவன் கவனத்தை வேறு பக்கம் இழுத்துச் சொன்னால் அவ்வளவாக ஒட்டாது. இது 1986-லேயே டொமசெல்லோவும் ஃபாரரும் காட்டியது. இருநூறு ஃபிளாஷ் கார்டு வாங்கிக் கொடுத்த வீடுகளில் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும், என்ன செய்ய.

விரல் விட்ட இடத்தில் இது, அது, இங்கே, அங்கே வருகின்றன. "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்கிறது தொல்காப்பியம். "இது"வுக்கும் "அது"வுக்கும் நடுவில் இருப்பதைச் சுட்டும் உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் "உது" இன்றும் புழங்குகிறது. அங்கிருந்து வந்த குடும்பத்துக் குழந்தை "உது" என்றால் அதைப் பிழையென்று திருத்தக் கூடாது. இந்தச் சொற்களைக் கற்பிக்கும்போது உட்காரும் இடம் முக்கியம். எதிரெதிரே உட்கார்ந்தால் என் "இது" அவனுக்கு "அது". எனவே முதலில் பக்கத்தில், ஒரே திசை பார்த்து, பிறகு எல் வடிவில், கடைசியில்தான் எதிரில். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் போதும். எதிரில் உட்கார்ந்து தடுமாறுவதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். சாதாரணமாகப் பேசும் குழந்தைகளும் இதைப் பள்ளிக்கூட வயதை நெருங்கும்போதுதான் சரிவரப் பிடிக்கிறார்கள்.

நான், நீ இன்னும் கடினம். பொருள் அசைவதில்லை, ஆனால் பேசுகிறவர் மாறினால் சொல் மாறுகிறது. "உனக்கு வேணுமா?" என்று கேட்டால் "உனக்கு வேணும்" என்று பதில் வரும். கையால் காட்டினால் இந்தக் குழப்பம் வராது என்றுதான் தோன்றும். ஆனால் அமெரிக்கச் சைகைமொழியில் "நான்", "நீ" என்பவை நேரடியாக ஆளைச் சுட்டுவதே. இருந்தும் அதைத் தாய்மொழியாகக் கற்ற காது கேளாத குழந்தைகள் இரண்டையும் மாற்றிப் போட்டதை லாரா பெடிட்டோ 1987-இல் பதிவுசெய்தார். சுட்டுதல் மொழிக்குள் நுழைந்துவிட்டால் மொழியின் சிக்கலும் கூடவே வந்துவிடுகிறது. சரிசெய்யக் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டும். அப்பா குழந்தையின் பின்னால் உட்கார்ந்து, அவன் காதோரம் அவன் சொல்ல வேண்டியதையே, "எனக்கு வேணும்" என்று சொல்ல வேண்டும். எதிரில் இருக்கும் அம்மா உடனே கொடுக்க வேண்டும். "அம்மா தர்றேன், பாப்பா சாப்பிடறியா" என்று உறவைச் சொல்லியே பேசும் நம் பழக்கம் முதலில் உதவும். நான், நீ வர வேண்டிய கட்டத்தில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

வீடியோ காலில் தெரபி எடுக்கும்போது இவையெல்லாமே குலைகின்றன. திரையில் தெரபிஸ்ட் விரல் நீட்டினால் அது குழந்தையின் அறையில் எதையும் சுட்டாது. கண்ணும் கேமராவும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் பார்வையும் பொய் சொல்லும். குழந்தை பொம்மையைப் போனின் முதுகில் கொண்டுபோய்க் காட்டும். ஆகவே தெரபிஸ்ட் எதையும் சுட்டக் கூடாது. குழந்தையின் பக்கத்தில் இருக்கும் அம்மாதான் சுட்ட வேண்டும். போனைக் குழந்தைக்கு நேர் எதிரே வைக்காமல், மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில், குழந்தையின் கண், அம்மாவின் முகம், பொருள் மூன்றும் ஒரே சட்டத்தில் தெரியும்படி சாய்த்து வைக்கச் சொல்ல வேண்டும். தெரபிஸ்டின் முகம் குழந்தைக்குத் தெரியவே வேண்டாம். குரல் அம்மாவின் இயர்போனில் கேட்டால் போதும்.