வாரை விடும் நேரம்: செவலையோடு தை மாதம்

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் கூட்டம் ஓய்ந்துவிட்டது. காலையில் கீழக்குயில்குடிப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கள் குதிரை செவலையைக் கையில் பிடித்தபடி சமணர் மலை அடிவாரம் வரை நடந்தோம். இன்று அவள்மேல் ஏறவில்லை.

கத்தியவார் கலப்பு இவள். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். எங்களிடம் வருவதற்கு முன் கல்யாண ஊர்வலங்களில் ஆடிக்கொண்டிருந்தாள். மேளத்துக்குக் காலைத் தூக்கி வைக்க, முள் கடிவாளம் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். கூர்முனை வைத்த கடிவாளத்தை வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளே தடை செய்கின்றன. இருந்தும் இவளுடைய இரண்டு கடைவாயிலும் வெளுத்த தழும்பு இருக்கிறது. கடிவாள வாரை லேசாகத் தொட்டாலே தலையை மேலே எறிகிறாள். பிடிவாதக் குதிரை என்று சொல்பவர்கள் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கால்நடை மருத்துவரிடம் பல்லையும் காட்டியாயிற்று. குதிரைக்கு மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் தேயாமல் கூராகி நின்று கன்னத்தைக் கிழிக்கும். அரம் போட்டுத் தேய்த்துவிட்டார். வலி இருக்கும்போது எந்தப் பயிற்சியும் ஏறாது. அதைத் தீர்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஜனவரி 21, புதன்

முள் இல்லாத, நடுவில் மூட்டு வைத்த சாதாரணக் கடிவாளம். லாயத்துப் பெரியவர் கூடவே நின்றார். மதுரையில் ஜட்கா ஓட்டிய காலத்து மனிதர்.

"தம்பி, இழுக்கிறதால அது எதையும் படிக்காது. நீங்க எப்ப விடுறீங்களோ, அப்பத்தான் படிக்கும்."

நான் தரையில், அவள் தோளருகில். நெற்றியை ஒட்டி நேர் முன்னால் நின்றால் குதிரைக்கு ஆள் சரியாகத் தெரியாது. கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. அதனால் தோள் பக்கம்தான் நல்ல இடம். இடது வாரை விரல்களால் மெல்ல மூடி அப்படியே வைத்திருந்தேன். தலையை எறிந்தாள், இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை, கை கூடவே போய் வந்தது. அப்புறம் ஒரு காது என் பக்கம் திரும்பியது. தாடை அசைந்தது. கழுத்து ஒரு அங்குலம் இறங்கியது. அந்த நொடியே விரலைத் திறந்துவிட்டேன். அவள் உதட்டை நக்கிக்கொண்டு நின்றாள்.

இதில் நேரம்தான் எல்லாம். இரண்டு நொடி தாமதித்து விட்டால், அதற்குள் அவள் மறுபடி தலையைத் தூக்கியிருப்பாள். தூக்கினால் விடுதலை என்று புரிந்துகொள்வாள். நாமே கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நல்ல பதில் கிடைத்ததும் சேணத்தைக் கழற்றிப் புல்லுக்கு விட்டோம்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று எனக்குத்தான் பாடம். நீளக் கயிற்றைப் பெரியவர் பிடித்துக்கொள்ள, செவலை வட்டமாகப் போனாள். நான் அங்கவடியில் கால் வைக்காமல், வாரையும் தொடாமல் உட்கார்ந்தேன். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். முழங்காலால் இறுக்கினால் உடம்பு மேலே எழும்பிவிடும். தொடையைத் தளர்த்தித் தொங்கவிட்டால்தான் சேணத்தில் அமரும்.

நடையில் நான்கு தாளம், டிராட் என்கிற பெருநடையில் இரண்டு. டிராட்டில் ஒரு முன்காலும் எதிர்ப்பக்கப் பின்காலும் சேர்ந்து விழும். வட்டத்தின் வெளிப்பக்க முன்கால் முன்னே போகும்போது எழுந்து, அது தரையில் ஊன்றும்போது உட்கார வேண்டும். கண்ணால் பார்த்தால் தோள் அசைவு தெரியும். ஆனால் இடுப்பே அதை உணர ஆரம்பித்த பிறகுதான் கைக்கு ஓய்வு கிடைக்கிறது. இருப்பு ஆட்டம் கண்டால் ஆள் வாரைப் பிடித்துத் தொங்குவான்; அந்தப் பாரம் முழுக்க அவள் வாயில்தான் விழும். முள்ளைக் கழற்றியும் பயனில்லை.

ஜனவரி 28, புதன்

லாடம் அடிப்பவர் வந்தார். ஆறு வாரம் தாண்டினால் குளம்பு நீண்டு நடை கெடுகிறது. வேலை முடிந்ததும் அவளுக்குக் கொள்ளும் புல்லும். வேறொன்றுமில்லை.

ஜனவரி 31, சனி

அய்யனார் கோயிலுக்கு யாரோ நேர்த்திக்கடன் செலுத்த வந்திருந்தார்கள். தாமரைக் குளத்துப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டதும் செவலை ஆடத் தொடங்கினாள். உடம்பெல்லாம் வேர்வை. கூட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவளுக்கு அது ஆட்டமே இல்லை, பயம். எனக்கு வயிறு எரிந்தது.

வாரை இறுக்கவில்லை. சத்தம் காதில் விழுந்தும் அவளால் புல் மேய முடிகிற தூரத்துக்குத் திருப்பிக்கொண்டு போனேன். அங்கே தலை இறங்கும்வரை மேயவிட்டு, கொட்டுச் சத்தத்தை நோக்கிப் பத்தடி முன்னால். மறுபடி மேய்ச்சல். மூச்சு நிதானமானதும் இன்னும் கொஞ்சம். கொட்டு நிற்பதற்குள் ஆலமரம்வரை வந்துவிட்டாள், தலையை எறியாமல்.

"நாளைக்கே கேன்டர்ல விட்டுப் பாருங்க தம்பி" என்கிறார் பெரியவர். டிராட்டைவிட வேகமான ஓட்டம் அது. அவர் சொல்லை நான் தட்டுவதில்லை, இதில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மாசி பிறக்கட்டும்யா" என்றேன். இடப்பக்க வட்டத்தில் அவள் தோள் இன்னும் உள்ளே சாய்கிறது. அது நேராகிறவரை டிராட் போதும்.