நாய்க்குட்டியும் ஈசினோபிலும்

தக்கலையில் தங்கச்சி மகனுக்கு விடாத இருமல். இளைப்பு (ஆஸ்துமா) என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ரத்தத்தில் ஈசினோபில், அதாவது ஒவ்வாமையிலும் புழுத்தொற்றிலும் கூடும் ஒருவகை வெள்ளணு, எகிறியிருந்ததைப் பார்த்த டாக்டர், "வீட்டுல நாய்க்குட்டி உண்டா?" என்றார். உண்டு, ரப்பர் விளையில் அதோடுதான் பயல் உருளுவான்.

இருமலுக்குக் காரணம் டாக்ஸோகாரா. நாய்க்குடலில் வாழும் உருளைப்புழு. குட்டிக்குத் தாய் வயிற்றிலேயே தொற்றிவிடும். மலத்தில் வரும் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும். ஆக, கொஞ்சுவதைவிட மண் அப்பிய கைதான் வில்லன். மனித உடலில் புழு முழுதாக வளராது, இளம்புழுவாகவே ஈரல், நுரையீரல் என்று அலையும். அதனால் மலப்பரிசோதனையில் சிக்காது. கண்ணுக்குள் போனால், பெரும்பாலும் ஒரு கண்ணில்தான், பார்வையே போகலாம். பயலுக்குக் கண் தப்பியது. அல்பெண்டசோல் என்ற பூச்சிமருந்து 5 நாள் கொடுத்தார்கள்.

குட்டிகளுக்குப் பிறந்த 2 வாரத்திலிருந்தே பூச்சிமருந்து கொடுக்கணும் என்றேன். "அதுக்கு எதுக்குக்கா?" என்கிறாள் தங்கச்சி.