கருப்பு வட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை

சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் உள்ள ஒருவருக்குத் திடீரென விலாவில் வலி, சிறுநீர் கோலா நிறம் என்றால் எனக்குப் போன் வந்துவிடும்: "சார், உடனே ஒரு சிடி."

அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் ஏதோ மங்கலாக மிதப்பது தெரியும். ரத்தமா, சீழா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சிடியை முதலில் கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாய்களைப் பளிச்செனக் காட்ட ஊசியில் போடும் மருந்து) இல்லாமல்தான் எடுப்பேன். சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டும் கிரியேட்டினின் இவர்களுக்கு ஏற்கெனவே ஏறிக் கிடக்கும்; அந்த மருந்து சிறுநீரகத்தை மேலும் சிரமப்படுத்தலாம். தெளிந்த நீர் 0 முதல் 20 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்குள் (சிடியில் அடர்த்தியைச் சொல்லும் அளவு) கருப்பாக இருக்கும். புது ரத்தம் 60, 70 என்று ஏறி, பக்கத்துத் திசுவைவிட வெளுத்துத் தெரியும்.

ஆனால் பழைய கசிவும் வெள்ளையாகவே தங்கிவிடலாம். அதனால்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய ஸ்கேனை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களிடம் எரிந்து விழுகிறேன். (மனைவி இதைப் படித்தால் "வீட்டிலும் அப்படித்தானே" என்பாள்.)

அப்புறம் கட்டியை விட்டுச் சிறுநீரக உறையைச் சுற்றிப் பார்ப்பேன். ரத்தம் வெளியே பரவி, பிரஷரும் இறங்கினால் கணக்கு மாறும். அப்போது தயங்காமல் கான்ட்ராஸ்ட் போட்டு, கசியும் தமனியைக் கண்டுபிடித்து எம்போலைசேஷனுக்கு (அந்தத் தமனியை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சை) அனுப்ப வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது. ஓய்விலும் திரவத்திலும் சில நாளில் சிறுநீர் தெளிந்துவிடும்.