லோயர் ஆர்ம் மாற்ற மதுரைக்கு அலைந்த அனுபவம்

பழைய மாருதி ஸ்விஃப்ட் கார் வைத்திருக்கிறவர்கள் லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) மாற்ற இறங்கினால், கழற்றிய பழைய சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போனில் பேசி, போட்டோ அனுப்பி வாங்கினால் நான் பட்ட பாடுதான் உங்களுக்கும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

என் வண்டி 2010 மாடல். வேகத்தடை ஏறி இறங்கினால் இடது முன்சக்கரத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். காரைக்குடியில் முதலில் காட்டிய பட்டறையில் ஜாக்கிகூட வைக்கவில்லை. "ரெண்டு ஷாக்கும் போச்சு சார், ஜோடியா மாத்திடுவோம்" என்றார்கள். ஷாக் என்றால் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர். அது போயிருந்தால் அழுத்தி விட்டதும் வண்டி திரும்பத் திரும்பக் குலுங்கும். மட்கார்டை அழுத்தி விட்டுப் பார்த்தேன். வண்டி ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது, ஷாக்கில் எண்ணெய்க் கசிவும் இல்லை. அப்புறம் எதை நம்பி மாற்றுவது? திரும்பி வந்துவிட்டேன்.

கோட்டையூர் மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்வாசல் பக்கம் வண்டியை நிறுத்தினோம். அங்கே செம்மண் தரை, ஜாக்கி அப்படியே இறங்கும். அடியில் கனமான பலகை போட்டு, ஸ்டாண்டும் கொடுத்த பிறகுதான் அவர் வண்டிக்கடியில் தலையை நீட்டினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இருந்தது. கம்பியைக் கொடுத்து நெம்பியதும் பால் ஜாயின்ட் (ஆர்மின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் குண்டு மூட்டு) ஆடியது கண்ணுக்கே தெரிந்தது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டியபோது டை ராட் எண்டும் (ஸ்டேரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) ஆடியது. ஆர்மின் பின் புஷ், அதாவது போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர், கிழிந்து தொங்கியது. ஷாக்கில் ஒரு குறையும் இல்லை.

இடது லோயர் ஆர்ம் உள்ளூரில் கிடைக்கவில்லை. மதுரைக் கடை ஒன்றில் இருக்கிறது என்றார்கள். சரியான மாடலைக் கண்டுபிடிக்க வண்டியின் சேஸிஸ் நம்பர் தெரிகிற மாதிரி ஆர்சியை (பதிவுச் சான்றிதழை) வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் "ஓகே" போட்ட பிறகுதான் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ் ஏறினேன். அட்டைப்பெட்டி ஒட்டி டேப் போட்டுத் தயாராக இருந்தது. வீட்டில் பிரித்துப் பழையதோடு சேர்த்து வைத்தால் போல்ட் ஓட்டை பொருந்தவில்லை. 2011இல் வந்த அடுத்த மாடலுக்கானதைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! வண்டியின் பெயர் மாறவில்லை, ஆனால் மாடலுக்கு மாடல் ஆர்ம் வேறு.

மறுபடியும் மதுரை. "பில் போட்டாச்சு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று கல்லாவில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நகரவில்லை. ஆர்சி படத்தையும் அவர்கள் போட்ட "ஓகே"யையும் காட்டி, பழைய ஆர்மைக் கல்லாமேல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து சரியான ஆர்ம் வந்தது. போக்குவரத்துச் செலவு என் தலையில்தான். ஆனால் சாமானை மாற்றாமல் நான் படியிறங்கவில்லை.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அது ஜாயின்ட் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், முழுசாக உருவ வேண்டும். எங்களுடையது துருவேறிப் பிடித்துக்கொண்டது. துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தோம். டை ராட் எண்டைக் கழற்றப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள், மரையில் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். அப்போதுதான் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடை வரை வண்டி ஓரளவு நேராகப் போகும். நக்கிளை (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகத்தை) வெளியே இழுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலையும் சேர்த்து இழுத்துவிடக் கூடாது, உள் ஜாயின்ட் கழன்றுவிடும்.

மாட்டுவது சுலபமாக முடிந்தது. ஆனால் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கப் போன உதவியாளப் பையனை அண்ணன் தடுத்தார். "தம்பி, வண்டி தரையில உக்காரட்டும்டா." தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பல பட்டறைகளில் இதைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

கடைசி எரிச்சல் வீல் அலைன்மென்ட்டில். வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்தார்கள். பிள்ளையார்பட்டி சாலையில் நேராக ஓட்டினால் ஸ்டேரிங் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்" என்றார்கள். ஆகாது. ஸ்டேரிங்கை நேராக நிறுத்தி லாக் போட்டுவிட்டு, பிறகு இரண்டு பக்க டை ராடையும் திருப்ப வேண்டும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நின்று, செய்ய வைத்தேன். சரிசெய்வதற்கு முன்னும் சரிசெய்த பின்னும் எடுத்த அளவுகள் உள்ள பிரின்ட் கேட்டு வாங்கி, அதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

சத்தம் சுத்தமாகப் போய்விட்டது, ஸ்டேரிங்கும் நேராக நிற்கிறது. சில நாள் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்தோம். இடது டயரின் உள் ஓரம் மட்டும் ஏற்கெனவே தேய்ந்து கம்பி தெரிந்தது, அதை ஸ்டெப்னியாகக்கூட வைக்காமல் தூக்கிப் போட்டுவிட்டேன்.